கடவுளை நம்பாதவர் சமய நூல்களிடம் எதைப் பெறலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இக்கேள்விகள் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன. "கடவுள் இல்லை என்கிறாய், பிறகு உனக்கு ஏன் தேவாரம்?" என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேட்கிறார்கள். "தேவாரம் படிக்கிறாய், பிறகென்ன நாத்திகம்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இரு தரப்பாருக்கும் சேர்த்தே இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் நூல்களிலிருந்து வருபவை. எனக்குப் பழக்கமானவை அவைதாம்.

கடவுள் இல்லை என்று முடிவுசெய்த பிறகு, சமய நூல்களில் எடுத்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத் திருக்குறளின் ஈகை அதிகாரமே விடை சொல்கிறது. "நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்பது 222ஆம் குறள். மேலுலகம் உண்டா இல்லையா என்ற வழக்கில் வள்ளுவர் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஈகையின் மதிப்பு குறையாது என்கிறார். இவ்வாறு, மேலுலகத்தை எடுத்துவிட்டாலும் விழாமல் நிற்கும் கருத்துகள் சமய நூல்களில் ஏராளமாக உள்ளன. பசித்தவனுக்குச் சோறிடுவது, சினத்தை அடக்குவது, சாவை எதிர்கொள்வது, செய்த தவற்றை ஒப்புக்கொள்வது ஆகியவற்றைப் பற்றி மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்ததில் பெரும்பகுதி சமயங்களின் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் கடவுளைப் பற்றிச் சொன்னது தவறு என்பதாலேயே, மனிதனைப் பற்றிச் சொன்னதும் தவறாகிவிடாது.

சமயம் என்றாலே கடவுள்தானே? கடவுளை நீக்கிவிட்டால் சமயத்தில் எஞ்சுவது என்ன?

சமயம் என்றாலே கடவுள் என்பது பொருந்தாது. சமணம் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை மறுக்கிறது. பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. வேதத்தை ஏற்கும் தரிசனங்கள் என்ற தத்துவப் பிரிவுகளுக்குள்ளேயே பழைய சாங்கியமும் மீமாம்சையும் படைப்புக் கடவுள் இல்லாமல் தம் வாதத்தை நடத்தியவை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27ஆம் காதையில், பல சமயத்தார் தத்தம் கொள்கையை வஞ்சி நகரில் எடுத்துரைக்கும் வரிசையில், கண்ணால் காண்பதையன்றி வேறெதையும் ஏற்காத பூதவாதியும் இடம்பெறுகிறான். இத்தனை பேரையும் சேர்த்தே தமிழ் 'சமயம்' என்ற சொல்லை வழங்கியது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படைத்தவன் இல்லை என்பதால் தெய்வங்களே இல்லை என்று பொருளாகாது. மணிமேகலையின் கையிலிருக்கும் அமுதசுரபி ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி என்ற தெய்வம் தந்தது. பௌத்தமும் சமணமும் இன்றைய பகுத்தறிவு இயக்கத்தின் முன்னோடிகள் என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் அவர்கள் மறுபிறப்பை உறுதியாக நம்பியவர்கள்.

திருக்குறளே கடவுள் வாழ்த்தோடுதானே தொடங்குகிறது?

ஆம், பத்துக் குறட்பாக்கள். ஆதிபகவன், வாலறிவன், மலர்மிசை ஏகினான், எண்குணத்தான் என்றெல்லாம் அங்கே சொல்லப்படுகிறது. சிவன், திருமால் என்ற பெயர்கள் இல்லை. இவற்றை அருகனுக்குரிய சொற்களாகச் சமணரும், தத்தம் இறைவனுக்குரியனவாகப் பிறரும் கொள்கின்றனர். முதல் மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் எழுதியவையே அல்ல என்று வ.உ.சிதம்பரனார் கருதினார். நம்பாதவருக்கு அது வசதியான முடிவு, ஆனாலும் எனக்கு அந்த வசதி வேண்டியதில்லை. நமக்கு ஒவ்வாத பகுதியை இடைச்செருகல் என்று தள்ளிவிடும் பழக்கம் எல்லாத் தரப்பிலும் உண்டு. அது படிப்பைக் கெடுக்கும். வள்ளுவர் ஏதோ ஒரு பரம்பொருளை ஏற்றவராகவே இருக்கட்டும். அதே வள்ளுவர்தான் "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று, பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று சபித்தவர். உலகைப் படைத்தவனைவிட இரப்பவனின் மானம் பெரிது என்று கருதிய ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு, அவருடைய வாழ்த்துப் பாக்களில் எனக்கு உடன்பாடு இருந்தாக வேண்டியதில்லை.

நேர்மைக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாகக் கருதப்படுவான் என்று 850ஆம் குறள் சொல்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அதில் இடம் அப்படித்தான்.

பெரியார் வழியில் வந்தவர்கள் இதை ஏற்பார்களா?

பெரியார் என்ன செய்தார் என்று பார்ப்பது நல்லது. "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை" என்ற குறளில் உள்ள பெண்ணடிமைக் கருத்தை 'வள்ளுவரும் கற்பும்' என்ற கட்டுரையில் அவர் கடுமையாகச் சாடினார். அதே பெரியார் 1949இல் சென்னையில் திருக்குறள் மாநாடு நடத்தினார். 1954இல் பர்மாவில் நடைபெற்ற உலகப் பௌத்த மாநாட்டுக்கும் சென்றுவந்தார், ஆனால் பௌத்தராக மாறவில்லை. ஒரு நூலை ஏற்பதென்றால் அதன் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்ட வேண்டும் என்றோ, ஒரு வரியை மறுத்தால் நூலையே எரித்துவிட வேண்டும் என்றோ அவர் கருதவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அம்பேத்கர் எடுத்த முடிவு வேறு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவியபோது ஏற்ற 22 உறுதிமொழிகளில், பிரமன், விட்டுணு, மகேசுவரன் ஆகியோரைக் கடவுளாக ஏற்கமாட்டேன் என்பது முதலாவது. மக்களுக்குச் சமயம் தேவை, ஆனால் அதற்குக் கடவுள் தேவையில்லை என்பதே அவர் கண்ட வழி. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898இல், அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியிருந்தார். ஆகவே இந்தக் கேள்விக்கு இம்மண்ணில் ஒரே விடை இருந்ததில்லை.

நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது நேர்மையா?

எனக்கு வரும் கேள்விகளில் கடினமானது இதுதான். நம்புகிறவர்களும் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள் என்பது எளிதில் கிடைக்கும் மறுமொழி, அது உண்மையும்கூட. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் இருந்தனர் என்றால், ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் அழுத்தம் கொடுத்தார்கள் என்றுதான் பொருள். எனினும் பிறர் செய்வதால் நாமும் செய்யலாம் என்பது நியாயமாகாது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது: ஒரு கருத்திலிருந்து கடவுளையும் மறுபிறப்பையும் எடுத்துவிட்டு, அது இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் அதற்குரிய காரணத்தை என் சொந்தச் சொற்களில் சொல்ல முயல்வேன். விழுந்துவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அப்பரின் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னனின் ஆள் அழைக்க வந்தபோது பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. மேடைப் பேச்சாளர்கள், அரசியல்வாதிகள், ஏன் நாத்திகர்களும் இந்த முதல் அடியை விரும்பி எடுத்தாள்வார்கள். நானும் இளமையில் அப்படித்தான் செய்தேன். பாடலை முழுவதும் படித்தால், நாம் யாருக்கும் குடியல்ல என்பதற்கு அப்பர் தரும் காரணம் பின்னால் வருகிறது: யாருக்கும் குடியல்லாத தன்மையனான சங்கரனுக்கே நாம் என்றும் மீளா ஆளாகிவிட்டோம் என்கிறார். மன்னனுக்கு அடிமையல்லன் என்பதன் அடித்தளம் சிவனுக்கு அடிமை என்பதுதான். சங்கரனை எடுத்துவிட்டால் அந்த அச்சமின்மைக்குப் பாடலுக்குள் ஆதாரம் இல்லை. நம்பாதவர் அப்பரின் துணிவைக் கண்டு வியக்கலாம், அரசுக்கு அப்பாற்பட்ட ஒன்றைப் பற்றிக்கொண்டவனே அரசை எதிர்க்க முடியும் என்ற பாடத்தையும் பெறலாம். ஆனால் அந்தப் பற்றுக்கோடு தமக்கு எது என்ற கேள்விக்கு அவர் வேறிடத்தில் விடை தேடியாக வேண்டும். முதல் அடியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அப்பரும் நம்மவர் என்று சொல்வதைத்தான் நேர்மையின்மை என்கிறேன்.

எவற்றைக் கட்டாயமாக விட்டுவிட வேண்டும்?

ஒருவர் படும் துன்பத்துக்கு அவருடைய முற்பிறவியைக் காரணமாகச் சொல்லும் எதையும் விட்டுவிட வேண்டும். "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற 37ஆம் குறளுக்குப் பழைய உரைகாரர்களுள் ஒருவரான பரிமேலழகர் தரும் பொருள், அறத்தின் பயன் இன்னதென்று நூல் கொண்டு நிறுவ வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பார்த்தாலே தெரியும் என்பது. அதாவது சுமப்பவன் முன்வினையால் சுமக்கிறான். இக்காலத்தார் சிலர், சுமப்பவனும் ஊர்பவனும் இருக்கும் இடத்தில் 'அறத்தின் வழி இதுதான்' என்று சொல்லவேண்டாம் என்று மாற்றிப் பொருள் கொள்கின்றனர். இரண்டாவது பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதாலேயே அதன்மேல் ஐயமும் கொள்கிறேன். பரிமேலழகர் சொன்னதே வள்ளுவர் கருத்தாக இருக்குமானால், அந்த இடத்தில் வள்ளுவர் தவறிவிட்டார் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பல்லக்கைத் தோளில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தக் குறளைப் பள்ளியில் படிக்கிறார்கள்.

நோய்க்கு மருந்தாகச் சொல்லப்படும் மந்திரங்களையும் நேர்த்திக்கடன்களையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன். அவற்றைச் சோதித்துப் பார்க்க மருத்துவம் இருக்கிறது.

கடவுள் பார்க்கிறார் என்ற அச்சம் இல்லாவிட்டால் அறத்தோடு நடப்பதற்கு என்ன காரணம் இருக்கும்?

புறநானூற்றில் ஆய் என்னும் வள்ளலைப் பற்றி முடமோசியார் பாடிய ஒரு பாட்டு உண்டு. "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும் அறவிலை வணிகன் ஆய்அலன்" என்று அது தொடங்குகிறது. இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பவனை அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் என்று அந்தப் புலவர் அழைக்கிறார்; ஆய் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் சென்ற வழி அது என்பதால் கொடுக்கிறான். மறுமையை நம்பிய காலத்திலேயே, மறுமைக்காகச் செய்யும் அறம் மட்டமானது என்ற எண்ணமும் இருந்திருக்கிறது. அச்சத்தால் ஒழுங்காக நடப்பவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அச்சம் போனால் அறமும் போய்விடும் என்று நம்பிக்கையாளர் சொல்லும்போது, அவர் தம்மைப் பற்றியே மிகக் குறைவாக மதிப்பிடுகிறார் என்று தோன்றுகிறது.

பசித்தவருக்கு உணவிடுவதற்கும் சமயத்துக்கும் என்ன தொடர்பு?

"உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்ற அடி மணிமேகலையில் புகழ்பெற்றது. அதற்கு முன்பே அது புறநானூற்றின் 18ஆம் பாட்டில் உள்ளது. அங்கே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, எனவே நீர்நிலைகளைக் கட்டு என்று சொல்கிறார். பாசனத்தைப் பற்றி அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. பௌத்தக் காப்பியம் அந்த அடியை எடுத்துக்கொண்டு, சிறையில் கிடப்பவர்களுக்குச் சோறிட்டு, அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றும் பெண்ணின் கதையாக வளர்த்தது. அரச அறிவுரையாக இருந்ததைச் சமயம் எடுத்துக்கொண்டது என்றால், சமயத்திடமிருந்து நாமும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளும்போது ஒன்றை மறக்கக்கூடாது. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது, வருபவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. அருட்பெருஞ்ஜோதியில் நம்பிக்கை கொண்டவர்கள் அதை ஒன்றரை நூற்றாண்டாக நடத்தி வருகிறார்கள். பகுத்தறிவாளர்கள் கல்விக்கும் சமூக நீதிக்கும் நிறையச் செய்திருக்கிறோம், ஆனால் அணையாத அடுப்பு எங்களிடம் இல்லை. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நாள்தோறும் செய்யவைக்கும் ஏற்பாட்டை விட்டுவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. திருமூலர் "யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை" என்று தொடங்கி, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல் என்று நான்கைச் சொல்கிறார். முதலாவதை நான் விட்டுவிடுகிறேன். மற்ற மூன்றையும் எத்தனை நாள் செய்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது.

சடங்குகளை என்ன செய்வது?

திருமணத்துக்குத் தமிழ்நாடு விடை கண்டுவிட்டது. புரோகிதரும் தீ வளர்த்தலும் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் 1967இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தால் செல்லுபடியானது. சாவுக்கும் படத்திறப்பு, நினைவேந்தல் என்ற வழக்கங்கள் உருவாகியிருக்கின்றன. ஆனால் நினைவேந்தலில் பேச்சு மட்டும்தான் இருக்கிறது. பேச வராதவர்கள் என்ன செய்வார்கள்?

என் தந்தையார் நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்தார். சடங்கு எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னேன். சிவபுராணமாவது படிக்க வேண்டும் என்று அத்தை கேட்டார். விவாதிக்கும் நிலையில் யாரும் இல்லாததால் ஒப்புக்கொண்டேன், கடைசியில் படித்தவனும் நானே. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கும் வரிசை, "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று வந்து முடியும் இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. எனக்கு மறுபிறப்பில் நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் 'இளைத்தேன்' என்ற சொல், ஒன்றரை ஆண்டுகள் நோயில் கிடந்த அந்த உடம்பைப் பற்றி, அந்த அறையில் வேறு யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னது. அதைப் போன்ற ஒரு சொல்லை நினைவேந்தல் மேடையில் நானாக உருவாக்கியிருக்க மாட்டேன்.

சமணர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஆண்டுக்கு ஒருமுறை, அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு 'மிச்சாமி துக்கடம்' என்பார்கள். செய்த தீமை பயனற்றுப் போகட்டும் என்பது அப்பிராகிருதத் தொடரின் பொருள். நாள் குறிக்கப்பட்டிருப்பதுதான் அதன் சிறப்பு. மன்னிப்புக் கேட்கத் தோன்றும்போது கேட்கலாம் என்று விட்டால் பெரும்பாலானோருக்கு அது தோன்றவே தோன்றாது.

துயரத்தில் இருப்பவருக்குக் கடவுள் இல்லாமல் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

கிசா கோதமியின் கதையைச் சொல்வேன், ஆனால் துயரம் நேர்ந்த அன்றே சொல்ல மாட்டேன். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த தாயிடம், சாவே நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் சொல்கிறார். அவள் வீடு வீடாகச் செல்கிறாள்; கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, சாவில்லாத வீடுதான் இல்லை. குழந்தை சொர்க்கத்தில் இருக்கிறது என்று புத்தர் அவளிடம் சொல்லவில்லை. அவளை வீட்டுவாசல்களுக்கு அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் தம் வீட்டில் இறந்தவர்களைப் பற்றி ஒருவர் அவளிடம் பேசியிருப்பார்.

தியானம், நோன்பு?

செய்து பார்க்கலாம், நம்பிக்கை தேவையில்லை. மனநலக் குறைபாடு உள்ளவர்கள் நீண்ட மௌனத் தியான முகாம்களுக்குச் செல்லும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

பிள்ளைகளுக்கு இவற்றையெல்லாம் எப்படிச் சொல்வது?

கதையாகச் சொல்லுங்கள். 'இது உண்மையா?' என்று கேட்கும் வயது வரும்போது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டி வேறுவிதமாக நினைக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். கண்ணப்பர் கண்ணைத் தோண்டிய கதை தெரியாமல் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு, கோயில் தூணில் இருக்கும் சிற்பம் வெறும் கல்லாகத்தான் தெரியும்.

கோயிலுக்குப் போனால் திருநீறு வாங்கிக்கொள்வீர்களா?

சிற்பத்தைப் பார்க்கவும் ஓதுவார் பாடுவதைக் கேட்கவும் போவதுண்டு. நான் வணங்குவதில்லை, வணங்குகிறவர்களின் வழியை மறித்துக்கொண்டு நிற்பதுமில்லை. திருநீறு தந்தால் கையில் வாங்கிக்கொள்வேன், நெற்றியில் இட்டுக்கொள்வதில்லை. உடன் வந்த அத்தை அதை என் கையிலிருந்து எடுத்துத் தம் நெற்றியில் இட்டுக்கொள்வார், மீதியைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். இதுவரை இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.